வெல்டுக்குப் பக்கத்து இரும்பு

அந்த இடத்தில் வெல்டே இல்லை. வெறும் தகடுதான். எம்பிஐ, அதாவது காந்தத்தால் விரிசல் தேடும் சோதனை, பார்க்க வந்தவர் வெள்ளைப் பெயின்டை மெல்லிசாக அடித்து, காந்த யோக்கின் இரண்டு காலும் படும்படி வைத்து, கறுப்பு மையைத் தெளித்தார். மை ஓடிய வேகத்தில் தலைமுடி போல ஒரு கோடு தங்கியது. துடைத்துவிட்டு மறுபடி தெளித்தார். மறுபடியும் அதே கோடு. கட்டைவிரல் நீளம்கூட இருக்காது.

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் யார்டு. 2009. கடலடியில் மூன்று கால் ஊன்றி நிற்கிற, எண்ணெய்க் கிணறு தோண்டும் ஜாக்-அப் ரிக் ஒன்றின் காலைப் படுக்கப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தோம். காலின் மூலையில் பல் பல்லாக வெட்டிய ரேக் தகடு ஓடும். தடிப்பு 5 அங்குலத்துக்கு மேல். ரிக் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பற்களைப் பிடித்துத்தான். அதன் பக்கவாட்டில், நாங்கள் நின்று வேலை செய்யும் ஸ்டேஜிங் பலகையைத் தாங்க ஒரு சின்ன இரும்புத் துண்டைத் திங்கட்கிழமை சாயங்காலம் மழை விட்ட கையோடு ஒட்டியவன் நான். புதன்கிழமை வேலை முடிந்ததும் துண்டை வெட்டி எடுத்து, கிரைண்டர் போட்டு, தடமே தெரியாமல் மினுக்கியதும் நான்தான். வியாழக்கிழமை கோடு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் சிவப்புச் சாக்கால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். எங்கள் ஃபோர்மேன் சிவகங்கைக்காரர். வட்டத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, நீ ஒட்டினது உடையல. ஒட்டினதுக்குப் பக்கத்துல இருந்த இரும்பு வேற இரும்பா மாறிடுச்சு. மாத்துனது நீதான்.”

அவர் கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன். கோபப்படாமல் சொன்னதால் அந்த வரி அப்படியே தங்கிவிட்டது. இன்று நானே வெல்டிங் இன்ஸ்பெக்டர். இந்த ஊர் யார்டுகளிலும் கட்டுமான இடங்களிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர் வெல்டிங் ராடு பிடிக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்கள் ஒட்டிய பாலத்தில் நடக்கிறவர்களுக்காகவும் அந்த ஒரு வரியை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிரில் பட்டறையில். ஐடிஐ படிப்பு அதற்கு அப்புறம்தான். பட்டறையில் வெல்டுக்கு இரண்டே பரீட்சை: மீன் செதில் மாதிரி வரி வரியாக விழுந்திருக்கிறதா, சுத்தியலால் ஓங்கி அடித்தால் தாங்குகிறதா. தாங்கினால் நல்ல வெல்டு. சிங்கப்பூர் வர டெஸ்ட் கொடுத்தபோதும் இந்த எண்ணம் மாறவில்லை. பற்றவைத்த தகட்டிலிருந்து பட்டை வெட்டி மெஷினில் மாட்டி இழுத்தால், பெரும்பாலும் வெல்டு அப்படியே இருக்கும். தள்ளி, வெறும் தகட்டில்தான் அறும். அதைப் பார்க்கிற எவருக்கும் வெல்டு தகட்டைவிடப் பலசாலி என்றுதான் தோன்றும். இழுவையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. நாம் தினமும் எடுக்கிற 7018 ராடின் பெயரிலேயே அது இருக்கிறது. முதல் 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவை. சுமார் 490 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டட எஃகு 400-ஐ ஒட்டி அறுந்துவிடும்.

ஆனால் பலம் என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை இரும்பு நாலைந்து குணமாகப் பிரித்து வைத்திருக்கிறது. இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று. அறுவதற்கு முன் எவ்வளவு நீளும் என்பது இன்னொன்று. மேல்பரப்பு எவ்வளவு கடினம். ஏற்கெனவே ஒரு கீறல் இருக்கும்போது திடீரென்று அடி விழுந்தால் அதை விழுங்குமா, முறியுமா. லட்சக்கணக்கான தடவை ஆட்டினால் எத்தனை காலம் நிற்கும். பற்றவைக்கும்போது இவை எல்லாம் ஒரே பக்கம் நகர்வதில்லை. கடினம் ஏறுகிற இடத்தில் நீளும் குணம் போய்விடுகிறது. இழுவைப் பரீட்சையில் பாஸான வெல்டு, அடியில் முறியலாம்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஊரில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாளைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி, விளிம்பை மட்டும் தண்ணீரில் தோய்ப்பார். ‘சுர்’ என்று ஒரு சத்தம். அந்த ஒரு நொடியில் விளிம்பு வேறு இரும்பாகிவிடும். அதோடு விட்டுவிட மாட்டார். மறுபடி லேசாக அனலில் காட்டி, வைக்கோல் நிறம் ஓடி நீலம் எட்டிப் பார்க்கும் நேரத்தில் எடுப்பார். தோய்ச்சல் கூடிப்போனால் கட்டையில் வெட்டும்போது விளிம்பு பொட்டென்று தெறிக்கும். குறைந்துபோனால் மழுங்கும். தோய்ச்சலில் பிறக்கும் அந்தக் கடினமான அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் காய்ச்சியது எவ்வளவு, குளிர்ந்தது எத்தனை வேகம் என்பதில்தான் இரும்பின் குணம் இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும்.

வெல்டர் செய்வதும் அதே வேலைதான். வித்தியாசம், கொல்லர் தெரிந்து செய்கிறார்; நம்மில் பலர் செய்கிறோம் என்று தெரியாமலே செய்கிறோம்.

ஆர்க்கின் சூடு பல ஆயிரம் டிகிரி. எஃகு உருகுவது 1500 டிகிரியை ஒட்டி. உருகிய குழம்பின் ஓரத்திலிருந்து வெளியே போகப் போக, சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் அந்த 1500 விறுவிறுவென்று இறங்கிவிடும். ஆக, அந்தக் குறுகிய பட்டையில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வெவ்வேறு காய்ச்சலைக் கண்டது. யார்டில் அதை ஹேஸ் என்போம். வெப்பம் தீண்டிய பகுதி. உருகவில்லை, ஆனால் பழைய இரும்பும் இல்லை. குழம்பை ஒட்டிய வரியில், 1100 டிகிரிக்கு மேல் போன இடத்தில், எஃகின் படிக மணிகள் ஒன்றை ஒன்று விழுங்கிப் பருத்துவிடும். பருத்த மணி கொண்ட இரும்பு அடி தாங்காது. அடுத்த வரியில் மணிகள் உடைந்து புதிதாகச் சின்னச் சின்னதாகப் பிறக்கும். அது நல்ல இடம், சில சமயம் மூலத் தகட்டைவிட நல்ல இடம். 727 டிகிரியைத் தாண்டாத வரியில் பழைய அமைப்பே லேசாக இளகும். ஒரு விரல் அகலத்துக்குள் இத்தனை.

சரி, நான் செய்த தவறு என்ன? சின்னத் துண்டுதானே என்று நினைத்தது. தடித்த தகட்டில் சின்ன வெல்டு போட்டால் சூடும் சின்னதாகத்தான் இருக்கும், சேதமும் சின்னதாகத்தான் இருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. நடப்பது தலைகீழ். கொல்லருக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும்; எனக்கு அந்த 5 அங்குலத் தகடே தொட்டி. ஒரு சின்ன வெல்டின் சூட்டை அது மேல், கீழ், பக்கவாட்டு என்று எல்லாத் திசையிலும் உறிஞ்சிவிடும். 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் எஃகின் தலையெழுத்தை எழுதும் கணக்கு. சில நொடியிலேயே இறங்கிவிட்டால், எஃகில் இருக்கும் கரி (கார்பன்) தன் இடத்துக்கு நகர நேரம் கிடைக்காமல் படிகத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு மார்ட்டென்சைட் பிறக்கிறது. சாதாரண எஃகின் கடினம் விக்கர்ஸ் அளவில் 150-ஐ ஒட்டி இருந்தால், அது 400-ஐயும் தாண்டும். 350-க்கு மேல் போனாலே விரிசலுக்குப் பயப்பட வேண்டும் என்பது தொழிலில் பழகிய எல்லை. பெரிய வெல்டு சுற்றுப்புறத்தையும் சுடவைத்து மெதுவாக ஆறும். சின்ன வெல்டுதான் தோய்ச்சல் வாங்கும்.

எந்த எஃகு இப்படி மாறும், எது மாறாது என்பதற்கு ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. தகட்டின் சான்றிதழைக் கையில் எடுங்கள். கரியின் சதவீதத்தை அப்படியே எடுத்து, மாங்கனீஸை 6-ஆல் வகுத்துச் சேருங்கள். குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றையும் கூட்டி 5-ஆல் வகுத்துச் சேருங்கள். நிக்கலையும் செம்பையும் கூட்டி 15-ஆல் வகுத்துச் சேருங்கள். வருவது கார்பன் ஈக்விவலென்ட். 0.4-ஐத் தாண்டினால் முன்சூடு, அதாவது ஒட்டுவதற்கு முன்பே தகட்டைச் சூடாக்குவது, பற்றி யோசிக்க வேண்டும். பட்டுக்கோட்டைக் கிரில் இதற்கு ரொம்பக் கீழே இருக்கும். அதனால்தான் அங்கே எப்படி ஒட்டினாலும் நின்றது. ரேக் தகடு இதற்கு மேலே இருந்தது.

மார்ட்டென்சைட் மட்டும் இருந்தால் விரிசல் வராமலும் போகலாம். அன்று மழை பெய்திருந்தது. நான் துணியால் துடைத்தேன். தகட்டைச் சூடு காட்டிக் காயவைக்கவில்லை. ராடு, அதைச் சூடாக வைத்திருக்கும் ஓவனிலிருந்து மதியமே எடுத்து வெளியே வைத்தது. ராடின் மேல்பூச்சான ஃபிளக்ஸ் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். ஆர்க்கில் அந்தத் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜனாகிக் குழம்புக்குள் கரைகிறது. மிகச் சின்ன அணு அது. வெல்டு ஆறியதும் உள்ளே இருக்க இடமில்லாமல் நகர ஆரம்பிக்கும்; நகர்ந்து போய்ச் சேருவது பக்கத்திலிருக்கும் கடினமான ஹேஸில். கடினமான இரும்பு, ஹைட்ரஜன், இழுத்துப் பிடிக்கிற விசை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடி, சூடும் தணிந்துவிட்டால், விரிசல் விடும். உடனே விடாது. ஒரு மணி நேரம் கழித்து விடலாம், மறுநாள் விடலாம். அதனால்தான் இந்த மாதிரி எஃகில் ஒட்டி முடித்து 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். வெல்டிங் முடிந்த அன்றே சோதித்து நல்லது என்று கையெழுத்துப் போட்ட இடம் மறுநாள் விரிந்திருக்கும்.

இதைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு சொல்வதில் ஒரு கூடுதல் அர்த்தம் உண்டு. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 82 சதவீதத்தை ஒட்டியது. விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். காலை ஷிப்டுக்கு லாரியில் போகும்போது கம்பியைத் தொட்டால் கை நனையும். அந்தக் காற்றில் திறந்து வைத்த ராடு என்னவாகும்? 7018 ராடை ஓவனில் 120 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் 4 மணி நேரம், அதற்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் கட்டுமான வெல்டிங் விதி சொல்கிறது. ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு ராடு வாங்குவது, கையில் தூக்கிப் போகிற சின்ன ஓவனின் பிளக்கைச் சொருகி வைப்பது, மிச்ச ராடை எண்ணித் திருப்பிக் கொடுப்பது எல்லாம் கணக்குக்காக வைத்த சடங்கு என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஹைட்ரஜனை வாசலிலேயே நிறுத்துகிற காவல்.

அப்படியானால் நிறையச் சூடு கொடுத்தால் தப்பிக்கலாமா? அதுவும் முடியாது. ரேக் தகட்டின் விளைதிறன், அதாவது திரும்ப வராதபடி நீள ஆரம்பிக்கிற எல்லை, 690 மெகாபாஸ்கல். சாதாரண எஃகு 250. அந்தப் பலம் தொழிற்சாலையில் காய்ச்சித் தோய்த்து, மறுபடி பதமாகச் சுட்டு வாங்கிய பலம். கொல்லரின் அரிவாளைத் திரும்ப உலையில் போட்டால் தோய்ச்சல் இறங்கிவிடுகிற மாதிரி, அளவுக்கு மீறின சூட்டில் இதுவும் இளகிவிடும், மணியும் பருக்கும். அதனால் டபிள்யூபிஎஸ் என்ற வெல்டிங் செய்முறைத் தாளில் இரண்டு பக்கமும் வேலி போட்டிருப்பார்கள்: இதற்குக் கீழே முன்சூடு கூடாது, இதற்கு மேலே ஒரு பாஸுக்கும் (ஒரு ஓட்ட வெல்டுக்கும்) அடுத்ததற்கும் இடையிலான சூடு கூடாது. நடுவில் வெல்டர் கொடுக்கிற சூட்டுக்கும் ஒரு கணக்கு. 25 வோல்ட், 150 ஆம்பியர், நிமிடத்துக்கு 150 மி.மீ. வேகம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 1.5 கிலோஜூல். கையை அகலமாக ஆட்டி வீவ் போட்டு வேகத்தைப் பாதியாக்கினால் அதுவே 3 ஆகிவிடும். மெஷினில் எந்த நாபும் திருப்பவில்லை. ஆனால் சூடு இரட்டிப்பு. அழகாக அகலமாக விழுந்த வெல்டைப் பார்த்து இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தால், காரணம் அதுதான்.

மரீனா பேயில் ஹீலிக்ஸ் பாலத்தில் நடக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2010-இல் திறந்த அந்த 280 மீட்டர் பாலத்தின் சுருள் குழாய்கள் டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் எஃகு. ஃபெரைட் பாதி, ஆஸ்டெனைட் பாதி என்று இரண்டு அமைப்பும் சமமாக இருந்தால்தான் அதற்குப் பலமும் துருவெதிர்ப்பும் சேர்ந்து கிடைக்கும். சட்டென்று ஆறினால் ஃபெரைட் கூடிவிடும். சூட்டிலேயே கிடந்தால் சிக்மா என்ற நொறுங்கும் அமைப்பு முளைக்கும். அந்த வகை எஃகில் ஒவ்வொரு மூட்டும் இந்தத் தராசில் நிறுத்திப் போட்டதாக இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பாலத்தில் நடக்கும்போது விளக்குகளைவிட மூட்டுகள்தான் கண்ணில் படும்.

இளகுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு சைக்கிளில். விடுதியில் கூடத் தங்கியிருந்த மன்னார்குடி நண்பரின் அலுமினிய சைக்கிள், சீட்டுக்குக் கீழே ஃபிரேம் விட்டுப்போனது. டிக் வெல்டிங்கில் பார்த்துப் பார்த்து ஒட்டிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் உடைந்தது. அவர் விழுந்து முழங்கை கிழிந்தது. என் வெல்டு முழுசாக இருந்தது. ஒரு விரல் அகலம் தள்ளி, குழாய் அறுந்திருந்தது. இந்த வகை ஃபிரேம்களுக்குப் பெரும்பாலும் எடுப்பது 6061-டி6. அதன் இழுவைத்திறன் 310 மெகாபாஸ்கல். டி6 என்றால் காய்ச்சித் தோய்த்து, அப்புறம் 175 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் வைத்து, மெக்னீசியமும் சிலிக்கானும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உள்ளே படியும்படி செய்வது. பலமே அந்தத் துகள்கள்தான். ஆர்க்கின் சூடு பட்ட இடத்தில் அவை பருத்தும் கரைந்தும் போய்விடுகின்றன. பற்றவைத்தபின் அந்தப் பட்டையில் 165 மெகாபாஸ்கலை எண்ணித்தான் கணக்குப் போட வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. கிட்டத்தட்டப் பாதி. எஃகு கடினமாகிக் கெடுகிறது, அலுமினியம் மெத்தென்றாகிக் கெடுகிறது. கெடுகிற இடம் இரண்டுக்கும் ஒன்றே. தொழிற்சாலையில் ஃபிரேமை ஒட்டியபின் முழுதாகத் திரும்பச் சூட்டுப் பதம் செய்வார்கள். அது என்னிடம் இல்லை. இல்லாமல் ஒட்டியிருக்கக் கூடாது. நண்பரிடம் அன்றே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

சிங்கப்பூர் ஆற்றின் மேல் 1869-இல் கட்டிய கேவனா பாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். கிளாஸ்கோவிலிருந்து வந்த இரும்பு. இங்கே அதை எழுப்பியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு உண்டு. எங்கும் ரிவெட் குமிழ்கள். ரிவெட் அடித்த கட்டுமானத்தில் ஒரு தகட்டில் விரிசல் ஓடினால் அந்தத் தகட்டின் விளிம்போடு நிற்கும். அடுத்த தகடு தனி. பற்றவைத்தால் எல்லாம் ஒரே இரும்பு. விரிசலுக்கும் அது ஒரே சாலை.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்காவில் கப்பல்களை ரிவெட்டை விட்டு வெல்டிங்கில் கட்ட ஆரம்பித்தார்கள். வேகம் அவசியம். 1943 ஜனவரி 16 அன்று ஓரிகனில், ஸ்கெனெக்டடி என்ற புது எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத தண்ணீரில், கட்டுத்துறையில் கட்டியிருந்தபடியே நடுவில் பிளந்தது. அன்று நல்ல குளிர். பழியை முதலில் வெல்டர்கள் தலையில்தான் போட்டார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியல் அறிஞர் அந்தக் கப்பல் எஃகுகளை ஆராய்ந்து காட்டியது: ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அந்த எஃகு இழுபடும் குணத்தை இழந்து கண்ணாடி போல உடைகிறது. குளிரில் நொறுங்கும் எஃகு, சதுரமாக வெட்டிய மூலைகளில் குவிந்த விசை, வெல்டில் இருந்த சிறு குறைகள், எல்லாவற்றையும் இணைத்து விரிசலுக்கு வழிவிட்ட ஒரே உடம்பு. பழி யாருக்கும் தனியாக இல்லை.

இங்கே வெயில் 30 டிகிரியைத் தாண்டி அடிக்கிறது, நமக்கென்ன குளிர் என்று கேட்கலாம். நான் வேலை பார்த்த கால்களும் தூண்களும் வட கடலுக்குப் போனவை. சட்டை வியர்வையில் ஒட்ட ஒட்ட நாம் போடுகிற வெல்டு பனிக்காற்றில் நிற்கப் போகிறது. அதற்குத்தான் சார்ப்பி பரீட்சை. வெல்டிலிருந்தும் ஹேஸிலிருந்தும் 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளம் உள்ள குச்சிகளை வெட்டி, 2 மி.மீ. ஆழத்துக்கு வெட்டுத்தடம் போட்டு, மைனஸ் 40 டிகிரிக்குக் குளிரவைத்து, ஊசல் சம்மட்டியால் ஒரே அடி. எத்தனை ஜூல் விழுங்கியது என்று முள் காட்டும். உடைந்த முகத்தைப் பார்த்தாலே பாதி தெரியும்: சாம்பல் நிறமாகக் கிழிந்திருந்தால் நல்லது, சர்க்கரை போல மினுமினுத்தால் கெட்டது. ஒரே தகடு, ஒரே ராடு, சூட்டை மட்டும் கூட்டிப் போட்ட இரண்டு குச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்த நாளில்தான் எனக்கு வெல்டிங் மேல் மரியாதை வந்தது.

சூட்டால் அமைப்பு மாறுவது ஒரு பக்கம். சூடு இறங்கும்போது இரும்பு சுருங்குகிறதே, அது இன்னொரு பக்கம். கிரில் கேட் ஒட்டி முடித்ததும் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்காத வெல்டர் கிடையாது. மெல்லிய கேட் வளைந்து கொடுத்து ஆறுதல் அடைந்துவிடும். தடித்த தகடு வளையாது. தையல் நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். துணியைச் சட்டத்தில் அடித்து வைத்திருந்தால் நூல்தான் முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கு வெல்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பாடப் புத்தகத்தில் எஞ்சிய தகைவு. அது அந்த எஃகின் விளைதிறன் அளவுக்கே ஏறியிருக்கும். வெளியிலிருந்து ஒரு கிலோ பாரம்கூட ஏற்றவில்லை, அதற்குள் அந்த இடம் தன் எல்லைவரை இழுபட்டு நிற்கிறது. ஹைட்ரஜன் விரிசலுக்கு மூன்றாவதாக வேண்டிய விசை வந்தது இங்கிருந்துதான்.

ஆடி ஆடி இரும்பு சலித்துப்போகிற அயர்ச்சியில்தான் இந்த முறுக்கின் விலை தெரியும். அலை அடிக்க அடிக்க, வண்டி ஓட ஓட, கட்டுமானம் ஆடிக்கொண்டே இருக்கிறது. வெல்டு தகட்டைத் தொடுகிற ஓரத்தை டோ என்போம். அங்கே வடிவம் சட்டென்று மாறுகிறது, கண்ணுக்குத் தெரியாத சிலாக் (வெல்டு கசடு) துணுக்குகள் மில்லிமீட்டரில் ஒரு பங்கு ஆழத்துக்குச் செருகிக்கொண்டிருக்கின்றன. பிறக்கும்போதே விரிசலின் வித்தோடு பிறந்த இடம். இதில் என்னை மிகவும் பாதித்த உண்மை: விரிசல் வளரும் வேகம் மட்டமான எஃகிலும் உயர்ந்த எஃகிலும் ஏறக்குறைய ஒன்றே. விலை கொடுத்து 690 மெகாபாஸ்கல் எஃகு வாங்கினாலும், பற்றவைத்தபடியே விட்ட மூட்டின் அயர்ச்சி ஆயுள் 250 மெகாபாஸ்கல் எஃகின் ஆயுள்தான். டோவைக் கிரைண்டரால் பதமாக வழித்து விடுகிற அரை மணி நேர வேலை அந்த ஆயுளைக் கூட்டும். பலமான எஃகு கூட்டாது. கிரைண்டர் பிடிக்கிறவரை யார்டில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. மதிக்க வேண்டும்.

1980 மார்ச் 27. வட கடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல். அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் ரிக், ஐந்து தூண் கொண்டது, தொழிலாளர் தங்குமிடமாக நின்றிருந்தது. காற்றும் அலையும் பலமாக இருந்த சாயங்காலம், தூண் ஒன்றைப் பிடித்திருந்த குறுக்குக் குழாய் அறுந்தது. தூண் கழன்றது. அரை மணி நேரத்துக்குள் ரிக் கவிழ்ந்துவிட்டது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். விசாரணை அந்தக் குழாயில் போய் நின்றது. ஹைட்ரோஃபோன் என்ற ஒலிக்கருவியைப் பிடித்து வைக்க ஒரு சின்னத் தாங்கியை அதில் ஒட்டியிருந்தார்கள். 6 மி.மீ. ஃபில்லட் வெல்டு, அதாவது இரண்டு துண்டு சேரும் மூலையில் போடுவது. பாரம் தாங்குகிற உறுப்பு என்று யாரும் அதை எண்ணவில்லை. விரிசலின் முகத்தில் பெயின்ட் இருந்தது. அதாவது, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே, கட்டும்போதே அது விரிந்திருந்தது. அங்கிருந்து அயர்ச்சி விரிசல் குழாயைச் சுற்றி வந்துவிட்டது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஸ்டேஜிங் துண்டும் அதே மாதிரிதான். யாரும் கணக்கில் எடுக்காத வெல்டு.

போன மாதம் அறந்தாங்கிப் பையன் ஒருவன், நல்ல கைக்காரன், 6ஜி என்ற கடினமான குழாய் வெல்டிங் டெஸ்ட்டைப் பாஸ் பண்ணியவன், கேட்டான்: “அண்ணே, கேபிள் கட்ட ஒரு கிளிப்புதானே, இதுக்கும் சூடேத்துற பேட் கட்டணுமா?” அவனிடம் தகட்டின் சான்றிதழைக் கொடுத்து அந்தக் கூட்டலைப் போடச் சொன்னேன். போனில் கால்குலேட்டரைத் திறந்து போட்டான். 0.6-ஐத் தாண்டி வந்தது. ஒன்றும் பேசாமல் ஹீட்டிங் பேட் எடுக்கப் போனான். நம் பையன்களுக்கு யாராவது காரணத்தைச் சொன்னால் போதும். வெறும் விதியாகச் சொன்னால், மழை விட்ட சாயங்காலத்தில் விதி மறந்துபோகும்.

எங்கள் ரேக் தகட்டுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை முழுவதும் ஃபோர்மேனும் நானும் கோட்டைத் துரத்தினோம். கொஞ்சம் அரைப்பது, மை தெளிப்பது, கோடு இருந்தால் மறுபடி அரைப்பது. நாலு மில்லிமீட்டர் ஆழத்தில் மறைந்தது. அவ்வளவு ஆழம் குழியாக விட அனுமதி இல்லை, நிரப்ப வேண்டும். ராத்திரியே பீங்கான் ஹீட்டிங் பேட்களைக் கட்டினோம். அத்தனை தடித்த தகடு உள்வரை சூடேற விடிந்துவிட்டது. மூட்டிலிருந்து 75 மி.மீ. தள்ளி, 150 டிகிரியில் உருகுகிற சாக்கை ஃபோர்மேன் தேய்த்துப் பார்த்தார், உருகியது. ராடுகள் ஓவனிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. ஆட்டாமல் நேராக, சின்னச் சின்ன பீடாக (வெல்டு வரியாக), அடுத்த பீடின் சூடு முந்தின பீடின் ஹேஸைப் பதப்படுத்தும்படி ஒன்றன்மேல் பாதி ஏற்றிப் போட்டேன். முடித்ததும் சூட்டை 200-க்கு ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்தோம், ஹைட்ரஜன் வெளியேற. அப்புறம் தீப்போர்வையைச் சுற்றி மூடி, தானாக ஆற விட்டோம். பத்து நிமிடத்தில் ஒட்டிய துண்டுக்கு நாலு நாள்.

48 மணி நேரக் காத்திருப்பில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்லோரும் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போனார்கள். நான் போகவில்லை. திங்கட்கிழமை காலை எம்பிஐ ஆள் வந்து வெள்ளைப் பெயின்ட் அடித்தார், காயும்வரை நின்றார், யோக்கை வைத்தார். மை தகட்டின் மேல் ஓடி, கீழே சொட்டியது. யோக்கைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை தெளித்தார். எதுவும் தங்கவில்லை. ஃபோர்மேன் பையிலிருந்து துணியை எடுத்து அந்தச் சிவப்பு வட்டத்தை அழித்தார்.